தராசில் 125 கிராம்

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். தம்பி பட்டம் வாங்கிய படங்களை அவனே உனக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னான், அதனால் அதைப் பற்றி எழுதவில்லை. இங்கே ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ஜூன் மாதத்தில் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் போக மாட்டேன் என்கிறது. அம்மா ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுத்தான் படுக்கிறாள். மற்றபடி சௌகரியமாக இருக்கிறோம்.

நீ போனில் சொன்ன விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதம். உன் ஆளுகையில் இருக்கும் ஒரு ரேஷன் கடையில் கிலோவுக்கு 50 கிராம் குறைத்துப் போடுகிறார்கள் என்று அறிக்கை எழுதினாய். "50 கிராமுக்கெல்லாம் ஒரு ரிப்போர்ட்டா மேடம்" என்று கூட இருப்பவர்களே கேட்டார்கள் என்று சொன்னபோது உன் குரல் இறங்கிப்போயிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. மறுநாள் தம்பி எங்களை இந்த ஊரின் முற்றுகை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனான். உனக்குச் சொல்ல நினைத்ததெல்லாம் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

கதை உனக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு அப்போது லெனின்கிராட் என்று பெயர். இரண்டாம் உலகப்போரில், 1941 செப்டம்பர் 8ஆம் தேதி ஜெர்மன் படை லடோகா ஏரிக்கரையில் இருக்கும் ஷ்லிசெல்பர்க்கைப் பிடித்தது. அதோடு நகரத்துக்கு வரும் கடைசித் தரைவழியும் அடைபட்டது. தெற்கே ஜெர்மன்காரர்கள், வடக்கே ஃபின்லாந்துப் படை, உள்ளே சுமார் 25 லட்சம் ஜனங்கள், அதில் 4 லட்சம் குழந்தைகள். 1944 ஜனவரி 27 வரை, 872 நாள் அந்த முற்றுகை நீடித்தது. உள்ளே புகுந்து ஊரைப் பிடிக்கும் எண்ணமே ஹிட்லருக்கு இல்லை. சரணடைகிறோம் என்று வந்தாலும் ஏற்கக்கூடாது, இந்த ஜனங்களுக்குச் சாப்பாடு போடும் பிரச்சினையை நாம் தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது என்று செப்டம்பர் மாதமே எழுத்தில் உத்தரவு போட்டார்கள். பட்டினிதான் ஆயுதம் என்று முன்கூட்டியே முடிவு செய்து நடத்திய முற்றுகை அது.

அருங்காட்சியகம் ஃபோன்டாங்கா ஆற்றுக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் அரசாங்கத்தின் உப்புக் கிடங்குகள் இருந்த பகுதியில் இருக்கிறது. துப்பாக்கி, சீருடை, வரைபடம், பதக்கம் எல்லாம் நிறைய உண்டு. தம்பி அங்கேயே நின்றுவிட்டான். எந்தப் படைப்பிரிவு எங்கே நின்றது, எந்தப் பீரங்கி எவ்வளவு தூரம் சுடும் என்று ஒவ்வொன்றாக அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். எனக்கு அதில் மனம் செல்லவில்லை. நான் பாட்டுக்கு முன்னே நடந்தேன்.

அப்போதுதான் அந்தத் தராசைப் பார்த்தேன். ஒரு தட்டில் எடைக்கல், மறு தட்டில் ஒரு துண்டு ரொட்டி. கருப்பட்டித் துண்டு மாதிரி கறுப்பாக, கெட்டியாக இருந்தது. முள் நேராக நிற்கிறதா என்றுதான் என் கண் முதலில் பார்த்தது. தராசுக்குப் பின்னால் நின்றே காலத்தை ஓட்டியவனுக்கு அந்தப் பழக்கம் எங்கே போகும்? 125 கிராம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான்.

நம் கடையில் எலக்ட்ரானிக் தராசு வருவதற்கு முன்னால் சின்னக் கல்லெல்லாம் ஒரு மரப்பெட்டியில் தனியாக இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அரிசி போடும் இடத்தில் அவற்றுக்கு அவ்வளவாக வேலை வராது. வருஷாவருஷம் முத்திரை போட எடுத்துப்போவதோடு சரி. நீயும் தம்பியும் அவற்றை அடுக்கி விளையாடுவீர்கள். 100, 20, 5 என்று மூன்று கல்லை எடுத்து வைத்தால் இந்த ஊரில் ஒரு ஆளின் முழு நாள் முடிந்தது. வேறு சோறு, குழம்பு, பருப்பு எதுவும் கிடையாது. கார்டில் இறைச்சி, கொழுப்பு, சர்க்கரைக்கெல்லாம் கட்டம் அச்சடித்திருந்தார்கள், ஆனால் அந்தக் குளிர்காலத்தில் பல வாரம் அந்தக் கட்டங்களுக்குச் சரக்கே வரவில்லை. கார்டில் இருந்து கடையில் இல்லை என்றால் கார்டுதாரர் முகம் எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதுவும் முழு ரொட்டி இல்லை. கெட்டுப்போன கம்பு மாவில் பிண்ணாக்கு, தவிடு, சோயா மாவு, மால்ட், அப்புறம் மரத்திலிருந்து எடுத்த செல்லுலோஸ், மில் சுவரில் படிந்திருந்த மாவுத்தூசி எல்லாம் சேர்த்திருக்கிறார்கள். துறைமுகத்தில் கப்பல் உலைக்கு எரிக்க வைத்திருந்த பருத்திவிதைப் பிண்ணாக்கைக்கூட விடவில்லை. அதில் நஞ்சு உண்டு. நல்ல சூட்டில் வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்று சோதித்துப் பார்த்துவிட்டுச் சேர்த்தார்கள். மரக்கூழை மனிதன் தின்னும்படி மாற்ற வாசிலி ஷார்கோவ் என்ற விஞ்ஞானியின் குழு ராப்பகலாக உழைத்தது. இத்தனைக்கும் மேல் ரொட்டியில் பெரும்பங்கு தண்ணீர். அதனால் 125 கிராம் என்று தராசு காட்டினாலும் வயிற்றுக்குப் போனது அதில் பாதிகூட இருந்திருக்காது.

அளவை ஒரே நாளில் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடவில்லை. செப்டம்பர் 2ஆம் தேதி தொடங்கி நவம்பர் 20ஆம் தேதிக்குள் ஐந்து தடவை குறைத்தார்கள். தொழிலாளிக்கு 800 கிராமாக இருந்தது 250க்கு வந்தது. அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், வீட்டில் இருப்பவர், குழந்தை, இந்த மூன்று வகை கார்டுக்கும் 125. வீட்டில் இருப்பவர் கார்டு என்றால் கிழவன் கிழவியும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்களும். அந்தக் கார்டை ஜனங்களே சாவுக் கார்டு என்று சொன்னார்களாம். மைனஸ் 30 டிகிரி குளிரில் விடியற்காலையில் போய் ரொட்டி வரிசையில் நின்றது அந்தப் பெண்கள்தான். உறைந்துபோன நேவா ஆற்றில் ஓட்டை போட்டுத் தண்ணீர் மொண்டு, சறுக்குவண்டியில் இழுத்துக்கொண்டு மாடி ஏறியதும் அவர்கள்தான். அவர்களுக்குத்தான் குறைந்த அளவு. தொழிற்சாலை ஓடினால்தான் பீரங்கிக் குண்டு கிடைக்கும், ஆகவே தொழிலாளிக்குக் கூடுதல் என்பது சர்க்காரின் கணக்கு. அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனாலும் யாரையோ விட்டுவிடலாம் என்று காகிதத்தில் முதலில் எழுதியவன் கை நடுங்கியிருக்குமா என்று அந்தப் பட்டியல் முன்னால் நின்று யோசித்தேன்.

இதில் நீ கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. செப்டம்பர் 8ஆம் தேதியே குண்டு விழுந்து பதாயெவ் கிடங்குகள் எரிந்தன. அதில் 3,000 டன் மாவும் 2,500 டன் சர்க்கரையும் போயின. உருகிய சர்க்கரை மண்ணில் ஊறியிருந்தது. ஜனங்கள் பின்னால் அந்த மண்ணைத் தோண்டி எடுத்து, கரைத்து வடிகட்டிக் குடித்தார்கள், சந்தையில் விற்கவும் செய்தார்கள். அந்தக் கிடங்கு எரியாமல் இருந்தால் பஞ்சமே வந்திருக்காது என்று இந்த ஊரில் இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டாம். கணக்குப் போட்டுப் பார். செப்டம்பர் தொடக்கத்தில் நகரத்துக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,100 டன் மாவு செலவானது. 3,000 டன் என்பது ஒன்றரை நாள் சமாசாரம். நவம்பர் கடைசியில் ஒரு நாள் செலவை 510 டன்னுக்குக் குறைத்துவிட்டார்கள். அந்த அளவில் பார்த்தாலும் ஆறு நாள்தான். வழி அடைபட்டதுதான் பஞ்சத்துக்குக் காரணம். அதோடு, ஆரம்பத்தில் இருப்பை ஒழுங்காக எண்ணாமல் தாராளமாகக் கொடுத்ததும் சேர்ந்துகொண்டது. செப்டம்பரில் மாஸ்கோவிலிருந்து திமித்ரி பாவ்லோவ் என்ற உணவு அதிகாரியை அனுப்பினார்கள். அவர் வந்து முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? கிடங்கு கிடங்காக இருப்பை எண்ணியதுதான். அப்புறம் அக்டோபரில் எல்லாக் கார்டையும் மறுபடி சரிபார்த்து முத்திரை குத்தச் சொன்னார், போலிக் கார்டும் செத்தவர் கார்டும் கழியட்டும் என்று. உன் மேஜையில் இருக்கும் வேலையைத்தான் அவரும் செய்திருக்கிறார்.

கார்டுகள் வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு ஒரு தாள், தேதிவாரியாகச் சின்னச் சின்னக் கட்டம். கடைக்காரப் பெண் அந்தக் கட்டத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக்கொண்டு ரொட்டி கொடுப்பாள். ராத்திரி கடை அடைத்த பிறகு அன்றைக்கு வெட்டிய துண்டுகளை எல்லாம் பெரிய தாளில் ஒட்டிக் கணக்குக் காட்டவேண்டும். கார்டு தொலைந்தால் புதிது கிடையாது என்று கார்டிலேயே அச்சடித்திருந்தது. மாதத் தொடக்கத்தில் வரிசையில் கார்டைப் பறிகொடுத்தவர் அந்த மாதக் கடைசியைப் பார்ப்பது கஷ்டம். ஆனாலும் புதுக் கார்டு கேட்டு டிசம்பரில் மனுக்கள் குவிந்திருக்கின்றன. உண்மையாகத் தொலைத்தவன் யார், பொய் சொல்கிறவன் யார் என்று பிரிக்க வழியில்லாமல் ஏறக்குறைய எல்லோருக்கும் மறுத்திருக்கிறார்கள். கைரேகை விழவில்லை என்று யாரையாவது திருப்பி அனுப்பும்போது, அந்த மறுப்பை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள். இங்கே அன்றைக்கு வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது.

அந்தக் கடைக்காரப் பெண்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். ரொட்டியை வெட்டித் தராசில் வைத்தால் சரியாக 125 நிற்காது. குறைந்தால் ஒரு சின்னத் துண்டை வெட்டி மேலே வைப்பார்கள். அந்தத் துண்டுக்காக உயிரே விட்டிருக்கிறார்கள். ரொட்டி வாங்க அனுப்பிய பிள்ளை வீட்டுக்கு வரும் வழியில் அந்தச் சின்னத் துண்டை வாயில் போட்டுக்கொள்வதா, அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பதா என்று தவித்ததை, பிழைத்து வளர்ந்த பலர் சொல்லியிருக்கிறார்கள். கடைக்குள்ளேயே பையன்கள் பாய்ந்து பிறர் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கி, அடி விழ விழ அங்கேயே தின்றதும் நடந்திருக்கிறது. அடித்தவர்களிடமும் தெம்பு இல்லை. வரிசையில் நின்ற அத்தனை கண்ணும் தராசு முள்ளையும் அவள் விரலையும் பார்த்துக்கொண்டிருக்கும். தட்டில் விரல் பட்டால் போதும், கலவரம். எடை குறைத்துத் திருடி, ரொட்டிக்குப் பதிலாகத் தங்கமும் கம்பளிக் கோட்டும் வாங்கிய கடைக்காரர்களும் இருந்திருக்கிறார்கள். பிடிபட்டவர்களைச் சுட்டிருக்கிறார்கள். இருந்தாலும் ரொட்டி நாள் தவறாமல் வரிசையில் நின்றவர்கள் கையில் போய்ச் சேர்ந்தது என்றால், எடை குறையாமல் வெட்டிக் கொடுத்தவர்கள்தான் அதிகம் என்று அர்த்தம். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

ஒரு பெயர் இருக்கிறது. தனீல் கியூத்தினென் என்பவர் ரொட்டி சுடும் தொழிலாளி. 1942 பிப்ரவரியில் ரொட்டிக்கூடத்தில் வேலை பார்க்கும்போதே பசியால் செத்துப்போனார். கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கடுக்காக ரொட்டி இருந்திருக்கும்.

அப்புறம் அரிசிக்காரர். தம்பி என்னை ஈசாக் சதுக்கத்துக்கு அழைத்துப்போய் வவிலோவ் தாவர ஆராய்ச்சி நிறுவனத்தை வெளியிலிருந்து காட்டினான். நிக்கோலாய் வவிலோவ் உலகம் முழுக்கச் சுற்றி நெல், கோதுமை, சோளம், பயறு, உருளைக்கிழங்கு என்று லட்சக்கணக்கில் விதை மாதிரிகள் சேர்த்து வைத்த இடம். முற்றுகையின்போது அங்கே வேலை பார்த்தவர்கள் அந்த விதைகளை எலியிடமிருந்தும் குளிரிலிருந்தும் பசித்தவர்களிடமிருந்தும் காத்தார்கள், தங்களிடமிருந்தும் காத்தார்கள். நெல் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த திமித்ரி இவானொவ் ஆயிரக்கணக்கான அரிசிப் பொட்டலங்களுக்கு நடுவில் பட்டினியால் செத்தார். நிலக்கடலைப் பிரிவின் அலெக்சாந்தர் ஷூக்கின் மேஜையிலேயே சரிந்தார். இந்தச் சேகரத்தை உண்டாக்கிய வவிலோவை அதற்கு முன்பே, 1940இல், சொந்த அரசாங்கமே கைது செய்திருந்தது. 1943 ஜனவரியில் அவரும் சரடோவ் சிறையில் பட்டினியாலும் நோயாலும் இறந்தார். நான் காவேரித் தண்ணீர் பாயும் ஊரில் நெல் மூட்டை நடுவே வளர்ந்தவன். பசியோடு அரிசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என்பதை என்னால் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு முழுசாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. விதைநெல்லைத் தின்னக்கூடாது என்று நம் பாட்டன் பூட்டன் சொன்னது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஏரி உறைந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. லடோகா ஏரிப் பனி மேல் முதலில் குதிரைவண்டி, அப்புறம் நவம்பர் 22ஆம் தேதி 60 லாரிகள். அந்த முதல் லாரி வரிசை கொண்டுவந்தது 33 டன் மாவு. ஒரு நாளைக்கு 510 டன் வேண்டிய ஊருக்கு 33 டன்! பனி மெல்லிசாக இருந்ததால் ஒரு லாரியில் சில மூட்டைக்கு மேல் ஏற்ற முடியவில்லை. உடைந்தால் குதித்துவிட டிரைவர்கள் கதவைத் திறந்து வைத்தே ஓட்டினார்கள். பனி கெட்டியான பிறகும் சில லாரிகளுக்கு மட்டும் ஏன் உடைகிறது என்று விஞ்ஞானிகள் கருவி வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். லாரி போகும்போது பனிக்கு அடியில் தண்ணீரில் அலை எழுகிறது. லாரியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றாகும்போது, அதாவது மணிக்கு 35 கிலோமீட்டர் பக்கத்தில், பனி பிளந்துவிடும். அந்த வேகத்தில் ஓட்டாதே என்று விதி போட்டார்கள். இப்படி அளந்து அளந்து, 1942 ஏப்ரல் வரை அந்தப் பாதையில் 3 லட்சத்து 61 ஆயிரம் டன் சரக்கு வந்தது, 5 லட்சத்துக்கும் அதிகமான பேர் வெளியே போனார்கள். விமானம் மேலிருந்து சுடும்போதுதான் இத்தனையும். தம்பி இந்த இடத்தில் என்னோடு சேர்ந்துகொண்டான். அப்பாவுக்கு லாரி லோடு கணக்கு என்றால் கண் பெரிசாகிறது என்று அம்மாவிடம் சொன்னான்.

டிசம்பர் 25ஆம் தேதி அளவை முதல்முறையாகக் கூட்டினார்கள். தொழிலாளிக்கு 100 கிராம் கூடுதல், மற்றவர்களுக்கு 75. முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை. காலையில் கடைக்குப் போனவர்களுக்கு 125க்குப் பதிலாக 200 வந்தது. தெருவில் முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 75 கிராமுக்கு. உன் ஆபீசில் கேட்டார்களே, அவர்களிடம் இதைச் சொல்.

ஆனால் அந்த 75 கிராம் பலருக்கு நேரத்துக்கு வரவில்லை. உடம்பு அதற்கு முன்பே கரைந்துபோயிருந்தது. 1942 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மாதத்துக்கு லட்சத்தை ஒட்டிச் செத்தார்கள். மொத்தம் 6 லட்சத்து 32 ஆயிரம் என்று, போர் முடிந்து நாஜித் தலைவர்கள் மேல் நடந்த நியூரம்பர்க் விசாரணையில் சொன்னார்கள். இன்றைய வரலாற்றாசிரியர்கள் 8 லட்சம், 10 லட்சம் என்கிறார்கள். குண்டில் செத்தவர்கள் அதில் ரொம்பக் குறைவு. பிஸ்கரியோவ் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் சுமார் 4 லட்சத்து 90 ஆயிரம் பேர். அங்கே பெயர் இல்லை, நீளநீளமான மேடுகள். கல்லில் 1942 என்று வருஷம் மட்டும் வெட்டியிருக்கிறது. அம்மா அங்கே ஒன்றும் பேசவில்லை. அருங்காட்சியகத்தில் குழந்தைகளின் சறுக்குவண்டி ஒன்றைப் பார்த்துவிட்டு, இதில்தான் தண்ணீர் இழுத்தார்களாம், செத்தவர்களையும் இதிலேதான் இழுத்துப் போனார்களாம் என்று தம்பி படித்துச் சொன்னதிலிருந்தே அவள் பேச்சு குறைந்துவிட்டது.

எல்லோரும் ஒன்றாகத்தான் பசித்தார்கள் என்று எழுதினால் அது பொய். கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை இருந்த ஸ்மோல்னியில் பசி இல்லை. 1942 மார்ச்சில் கட்சிக்காரர்களுக்கான ஓய்வில்லத்தில் ஆட்டுக்கறி, கோழி, மீன்முட்டை சாப்பிட்டதை அங்கே தங்கிய ஒருவரே டைரியில் எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு அதில் கூச்சம்கூட இல்லை. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஊரையே அளந்து சாப்பிடச் சொல்கிறவன் தன் தட்டையும் அதே தராசில் வைக்கவேண்டும்.

இந்த அருங்காட்சியகத்துக்கே ஒரு கதை உண்டு. முற்றுகை முடிந்து மூன்று மாதத்தில், 1944 ஏப்ரல் 30ஆம் தேதி, போர் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே முதலில் ஒரு கண்காட்சியாகத் திறந்தார்கள். ஜனங்கள் தங்கள் கார்டு, டைரி, அடுப்பு, செத்த பிள்ளையின் பொருள் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு ரொட்டிக்கடை ஜன்னலை அப்படியே செய்து வைத்திருந்தார்களாம். பனி படிந்த கண்ணாடியில் ஒரு சின்ன வட்டம் மட்டும் தெளிவாக இருக்கும், அதன் வழியாகப் பார்த்தால் உள்ளே தராசும் 125 கிராம் ரொட்டியும் தெரியும். அப்புறம் 1949இல் அருங்காட்சியகத்தை மூடிவிட்டார்கள். ஸ்டாலினுக்கு லெனின்கிராட் தலைவர்கள் மேல் சந்தேகம் வந்தது. முற்றுகையின்போது ஊரை நடத்தியவர்களில் ஒருவரான அலெக்சேய் குஸ்நெத்சோவையும் மேலும் சிலரையும் 1950 அக்டோபர் 1ஆம் தேதி சுட்டுக்கொன்றார்கள். ஊர்க்காரர்கள் தாங்களே தங்களைக் காத்துக்கொண்டார்கள் என்று காட்டுவதே குற்றமாகிவிட்டது. இயக்குநர் லெவ் ராகோவுக்கு 25 வருஷச் சிறைத்தண்டனை. ஸ்டாலின் இறந்த பிறகுதான் வெளியே வந்தார். சேர்த்த பொருளில் கொஞ்சம் மற்ற இடங்களுக்குப் போனது, நிறைய அழிந்தது. கட்டடம் கடற்படைக்குப் போய்விட்டது. 1989 செப்டம்பர் 8ஆம் தேதிதான் மறுபடி திறந்தார்கள். 40 வருஷமாக வீட்டு அலமாரியில் ஒளித்து வைத்திருந்ததை எல்லாம் கிழவர்களும் கிழவிகளும் இரண்டாம் தடவையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்றைக்கு நாங்கள் பார்த்தவற்றில் பல அப்படி வந்தவைதான். கார்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்த அந்த ஆட்களுக்கு நான் மனசாரக் கும்பிடு போட்டேன்.

இப்போது உன் அறிக்கைக்கு வருகிறேன். கிடங்கிலிருந்து வரும் மூட்டையே குறைவாக வருகிறது, சாக்கு எடையைக் கழித்தால் கட்டாது, அதனால்தான் குறைத்துப் போடுகிறோம் என்று அந்தக் கடைக்காரர் சொல்வார். பாதி உண்மையாகக்கூட இருக்கும். நானும் அந்தப் பக்கம் நின்றவன். மூட்டை இறங்கும்போதே எடை போட்டு, குறைவை எழுதி, லோடு கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்காவிட்டால் அப்புறம் அந்தக் குறை யார் தலையில் விழும்? ஒன்று கடைக்காரர் தலையில், இல்லாவிட்டால் கார்டுதாரர் தலையில். ஆகவே கடையோடு நிற்காதே. கிடங்கில் ஒரு நாள் சொல்லாமல் போய் நின்று, பத்து மூட்டையை உன் கண் முன்னால் எடை போடச் சொல். கடைக்காரர் மேல் நடவடிக்கை என்றால் கிடங்கு மேலும் வரட்டும். இல்லாவிட்டால் பலவீனமானவனைப் பிடித்துக்கொடுத்தது போல ஆகிவிடும்.

50 கிராம் கணக்கை எப்படிச் சொல்வது என்றும் யோசித்தேன். ஆளுக்கு 5 கிலோ, நாலு பேர் வீடு என்றால் மாதம் 20 கிலோ. அதில் 1 கிலோ போகிறது. அந்த வீட்டின் ஒரு நாள் சோறு. கடைக்கு 800 கார்டு இருந்தால் 800 கிலோ, 16 மூட்டை. அறிக்கையில் 50 கிராம் என்று எழுதாதே, 16 மூட்டை என்று எழுது. நம் ஜனங்கள் முற்றுகையில் இல்லை, ஒரு நாள் சோறு போனால் செத்துவிட மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த 1 கிலோவுக்காக மாதக் கடைசியில் பக்கத்து வீட்டில் போய் நிற்கும் பெண்மணியை நான் பார்த்திருக்கிறேன். அவள் எதற்காக நிற்கவேண்டும்? அது அவள் அரிசி.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீ எழுதியது சரி. அதை வாபஸ் வாங்கச் சொல்லி யாராவது வந்தால் எழுத்தில் கொடுக்கச் சொல். நகல் ஒன்று உன்னிடம் இருக்கட்டும், ஒன்றை எனக்கும் அனுப்பி வை.

தம்பி கார்டுகளின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவான். பெரிதாக்கிப் பார், வெட்டிய கட்டமும் வெட்டாத கட்டமும் தெரியும். அடுத்த வாரம் ஊருக்குத் திரும்புகிறோம். ஆடிக்கு உனக்கு லீவு கிடைக்குமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா